மூணு மணி நேரக் கால்ஷீட்

கிராமி விருதுகளில் 'ரெக்கார்ட் ஆஃப் தி இயர்' என்று ஒரு பரிசு உண்டு. அந்த வருஷத்தின் தலைசிறந்த ஒலிப்பதிவுக்குக் கொடுப்பது. 1966லிருந்து 1971 வரை வரிசையாக ஆறு வருஷம் அதை வாங்கியவர்களைப் பாருங்கள். ஹெர்ப் ஆல்பர்ட், ஃப்ராங்க் சினாட்ரா, ஃபிஃப்த் டைமன்ஷன், சைமன் - கார்ஃபங்கல், மறுபடி ஃபிஃப்த் டைமன்ஷன், மறுபடி சைமன் - கார்ஃபங்கல். ட்ரம்பெட் ஊதுகிறவர், பழைய பாணிப் பாடகர், ஐந்து பேர் குழு, கிடாரோடு இரண்டு பையன்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை.

ஆனால் ஆறிலும் ட்ரம்ஸ் வாசித்தவர் ஒரே ஆள். பெயர் ஹால் ப்ளேன்.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்காவிட்டால் தப்பு உங்கள் மேல் இல்லை. அந்தக் காலத்து எல்.பி. ரெக்கார்டுகளின் அட்டையில் பெரும்பாலும் அவர் பெயரே கிடையாது. ஆனால் அவர் வாசிப்பைக் கேட்டிருப்பீர்கள். ரோனெட்ஸ் பாடிய 'பி மை பேபி' (1963) தொடக்கத்தில் வெறும் ட்ரம்ஸ் மட்டும் வரும் இல்லையா, அது அவர்தான். ஸ்நேர் ட்ரம் இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் விழ வேண்டியதாம். இரண்டாவதைத் தவற விட்டுவிட்டார். விட்டது விட்டதாகவே இருக்கட்டும் என்று நாலாவதில் மட்டும் அடித்துக்கொண்டே போனதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தத் தப்பை அதற்கப்புறம் உலகம் பூராவும் காப்பியடித்தார்கள்.

ப்ளேன் தனி ஆளும் இல்லை. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் இப்படி இருபது முப்பது பேர் இருந்தார்கள். கிடாருக்கு டாமி டெடெஸ்கோ, பேஸ் கிடாருக்கு கரோல் கே, ஜோ ஆஸ்போர்ன், ட்ரம்ஸுக்கு ப்ளேனோடு ஏர்ல் பாமர், பியானோவுக்கு லாரி நெக்டல், லியோன் ரஸ்ஸல். காலையில் ஒரு பாப் பாட்டு, மத்தியானம் ஒரு டிவி தொடருக்குப் பின்னணி இசை, ராத்திரி இன்னொரு பாட்டு. 'ரெக்கிங் க்ரூ' என்று இப்போது இவர்களைச் சொல்கிறார்கள். ப்ளேன் 1990ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு பரவிய பெயர் இது. கோட்டு சூட்டு போட்ட பழைய ஆட்கள், "ஜீன்ஸ் போட்டு வரும் இந்தப் பசங்க தொழிலையே நாசம் பண்ணிடுவாங்க" என்று புலம்பியதிலிருந்து வந்த பெயர் என்பது ப்ளேன் கணக்கு. அப்படி யாரும் எங்களைக் கூப்பிட்டதே இல்லை என்பது கரோல் கே கணக்கு. இந்தச் சண்டை பற்றிக் கடைசியில் வருகிறேன்.

என்னை இழுத்தது இவர்களுடைய இசை மட்டும் இல்லை, சம்பளக் கணக்கும்தான். காமர்ஸ் படிக்கிறவன் புத்தி எங்கே போகும் :-)

இவர்கள் விற்றது என்ன தெரியுமா? பாட்டு இல்லை. நேரம். மூணு மணி நேரம் ஒரு செஷன். நம்ம சினிமா பாஷையில் சொன்னால் ஒரு கால்ஷீட். அதற்குள் இத்தனை நிமிஷ இசைக்கு மேல் பதிவு செய்யக்கூடாது, நேரம் தாண்டினால் ஓவர்டைம், குழுவுக்குத் தலைமை வகிப்பவருக்கும் ஆட்களைக் கூப்பிட்டு வரும் காண்ட்ராக்டருக்கும் இரட்டைச் சம்பளம், ஒரே செஷனில் இரண்டாவது வாத்தியம் எடுத்தால் கூடுதல் தொகை. எல்லாம் யூனியன் விதி. 1960களின் நடுவில் ஒரு செஷனுக்குச் சுமார் 60 டாலர். அந்தப் பாட்டு 10 லட்சம் பிரதி விற்றாலும் அதே 60. பத்து பிரதி கூட விற்காவிட்டாலும் அதே 60.

"அடப்பாவமே, ஏமாத்திட்டாங்களே!" என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை.

1920களின் கடைசியில் பேசும் படம் வந்தது. அதற்கு முன்னால் ஊமைப்படம் ஓடும் தியேட்டர்களில் உட்கார்ந்து வாசித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். ஹாலிவுட்டில் ஒரு அறையில் ஐம்பது பேர் ஒருமுறை வாசித்தால் நாடு முழுக்க அதுவே ஓடும். அப்புறம் ரேடியோவில் ரெக்கார்டு போட ஆரம்பித்தார்கள், ஹோட்டல்களில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் வந்தது. மேடையில் வாசித்துப் பிழைத்தவன் வயிற்றில் அடி மேல் அடி. தன் வேலையைப் பறிக்கும் எந்திரத்தைத் தானே செய்து கொடுக்கும் தொழிலாளி உலகத்தில் இசைக்கலைஞன் ஒருவன்தான் என்று அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் வாதாடியது. அதன் தலைவர் ஜேம்ஸ் பெட்ரிலோ. சிகாகோக்காரர், முரட்டு ஆள்.

பெட்ரிலோ 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒரு காரியம் செய்தார். யூனியன் ஆட்கள் யாரும் ரெக்கார்டுக்கு வாசிக்கக் கூடாது. அவ்வளவுதான். உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது! பாடகர்கள் அந்த யூனியனில் இல்லை என்பதால் வாத்தியமே இல்லாமல், பின்னால் கோரஸை 'ஊ... ஆ...' பாட வைத்து 1943ல் சினாட்ரா ரெக்கார்டு கொடுத்தார். டெக்கா கம்பெனி 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது. ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில் இறங்கி வந்தன. ஒப்பந்தம் இதுதான்: விற்கும் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு சின்னத் தொகை ஒரு பொது நிதிக்குப் போகும். யூனியனே அந்த நிதியை நடத்தக் கூடாது என்று 1947ல் சட்டம் வர, 1948ல் மறுபடி ஒரு வேலைநிறுத்தம், அப்புறம் தனி அறங்காவலர் ஒருவர் கையில் அந்த நிதி. அதிலிருந்து நாடு முழுக்க பூங்காக்கள், பள்ளிகள், மருத்துவமனைகளில் இலவசக் கச்சேரிகள். வாசிப்பவர்களுக்குச் சம்பளம் நிதியிலிருந்து.

இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! எந்திரத்தால் வேலை போனவனுக்கு அந்த எந்திரத்தின் லாபத்திலிருந்தே கூலி. இன்றைக்கு கம்ப்யூட்டரால் வேலை போகும் எந்தத் தொழிலிலும் இதைச் செய்து பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு முள் இருந்தது. ரெக்கார்டில் வாசித்தவன் லாஸ் ஏஞ்சலிஸ்காரன். நிதியிலிருந்து சம்பளம் வாங்குபவன் எங்கேயோ ஒரு சின்ன ஊரில், வாரத்தில் மற்ற நாளெல்லாம் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் ட்ரம்பெட் ஊதுபவன். யூனியனில் ஓட்டு எண்ணிக்கை யாருக்கு அதிகம்? பார்க்கில் ஊதுபவர்களுக்குத்தான். 1955ல் பெட்ரிலோ இன்னும் ஒரு படி மேலே போனார். பழைய சினிமாக்களை டிவிக்கு விற்கும்போது அதில் வாசித்தவர்களுக்கு நேரடியாக வந்துகொண்டிருந்த தொகையையும் அந்த நிதிக்குத் திருப்பிவிட்டார். ஒலிப்பதிவுக்குக் கிடைத்த சம்பள உயர்வும் அங்கேயே போனது.

லாஸ் ஏஞ்சலிஸ் கொதித்தது. செசில் ரீட் என்ற ட்ரம்பெட் கலைஞர் தலைமையில் 1956ல் கலகம். யூனியன் அவரை வெளியேற்றியது. 1958 பிப்ரவரியில் பெரிய சினிமா கம்பெனிகளுக்கு எதிராக சம்மேளனம் வேலைநிறுத்தம் அறிவித்த நேரத்தில், ரீட் கோஷ்டி தனியாக ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டது. பெட்ரிலோ அந்த வருஷம் தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஜூலையில் ஸ்டுடியோ கலைஞர்கள் ஓட்டுப் போட்டுப் புதுச் சங்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.

(ஒரு இடைச்செருகல். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' பார்த்திருப்பீர்கள். பெர்னார்ட் ஹெர்மன் இசை. படம் முழுக்க சான் ஃப்ரான்சிஸ்கோ. ஆனால் அந்த இசை அமெரிக்காவில் பதிவானதே இல்லை. இந்த வேலைநிறுத்தத்தால் லண்டனுக்குப் போனார்கள். அங்கே பிரிட்டிஷ் கலைஞர்கள் அமெரிக்கக்காரர்களுக்கு ஆதரவாக வாசிக்க மறுக்க, மீதியை வியன்னாவில் முடித்தார்கள். நடத்தியவரும் ஹெர்மன் இல்லை, மியூர் மாத்தீசன். சுற்றிச் சுற்றி இறங்கும் அந்த இசைக்குப் பின்னால் இப்படி ஒரு சம்பளத் தகராறு!)

அதுவரை ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றும் சொந்தமாக ஒரு ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தன. மாதச் சம்பளம் மாதிரி, வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் என்று உத்தரவாதம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செக் வந்துவிடும். புதுச் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். டிவி வந்து தியேட்டர் வசூல் படுத்திருந்த நேரம், நிலையான செலவு ஒன்று குறைந்தது. 1961ல் இரண்டு சங்கமும் சமாதானம் ஆகி ஒன்று சேர்ந்தன, ஆனால் மாதச் சம்பள ஆர்கெஸ்ட்ரா திரும்பி வரவே இல்லை. காஸ்டிங் பாடத்தில் ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட் என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஐம்பது ஐம்பது பேர் குடும்பம் இருந்திருக்கிறது.

இந்தச் சந்தைக்குள்தான் ப்ளேனும் பாமரும் டெடெஸ்கோவும் கேயும் வந்து சேர்ந்தார்கள்.

இவர்கள் எல்லாருமே மேடையிலிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ப்ளேன் பாடகர்களோடு ஊர் ஊராகச் சுற்றியவர், பாட்டி பேஜ், டாமி சாண்ட்ஸ் என்று. ஏர்ல் பாமர் நியூ ஆர்லியன்ஸ்காரர், சின்ன வயதில் மேடையில் டாப் டான்ஸ் ஆடியவர். லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி' (1955) ட்ரம்ஸ் அவர்தான். 1957ல் லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்த ஊரில் 1953 வரை தனி யூனியன் கிளை, ஸ்டுடியோ வேலை எல்லாம் வெள்ளைக்காரக் கிளைக்கு. இரண்டும் ஒன்றான நாலு வருஷத்தில் பாமர் வந்து சேர்ந்தார் என்றால் நேரம் எப்படிக் கூடி வந்திருக்கிறது பாருங்கள்.

இன்னொரு ஒற்றுமை. ப்ளேன், பாமர் இருவருமே ராணுவத்தில் இருந்தவர்கள். திரும்பி வந்த சிப்பாய்களுக்கு அரசாங்கம் கொடுத்த படிப்பு உதவித்தொகையில் ஒருவர் சிகாகோவிலும் ஒருவர் நியூ ஆர்லியன்ஸிலும் முறையாக இசை படித்தார்கள். நொட்டேஷன் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். ராக் அண்ட் ரோல் வாசிக்கத் தெரிந்தவனுக்கு நொட்டேஷன் தெரியாது, நொட்டேஷன் தெரிந்த பழைய ஆட்களுக்கு ராக் அண்ட் ரோல் வராது. இரண்டும் தெரிந்தவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

நொட்டேஷன் எதற்கு முக்கியம் என்றால், பாட்டு ரெக்கார்டிங் வேறு, சினிமா ரீரெக்கார்டிங் வேறு. பாப் பாட்டுக்குப் போனால் முன்னால் ஒரு தாளில் வெறும் கார்ட் மட்டும் எழுதியிருக்கும், மீதியை நீதான் கற்பனை செய்ய வேண்டும். சினிமாவில் எல்லாமே எழுதியிருக்கும். அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், திரையில் படம் ஓடும், நொடிக்கணக்கில் இசை பொருந்த வேண்டும். ஒருவர் தடுக்கினால் அறுபது பேரும் முதலிலிருந்து. முன்னதில் கற்பனை வேண்டும், பின்னதில் கல்லு மாதிரி நரம்பு வேண்டும். இரண்டுக்கும் கூலி மணிக்கணக்கில்தான்.

கரோல் கே விஷயத்தில் இது இன்னும் உறுத்துகிறது. 1935ல் பிறந்தவர், பதின்வயதிலேயே கிடார் சொல்லிக்கொடுத்து சம்பாதித்தவர், ராத்திரி கிளப்புகளில் ஜாஸ் வாசித்தவர். பிள்ளைகளையும் அம்மாவையும் காப்பாற்ற வேண்டும். கிளப் வருமானம் போதவில்லை, 1957ல் ஸ்டுடியோவுக்குள் வந்தார். 1963ல் ஒரு நாள் கேப்பிடல் ஸ்டுடியோவில் பேஸ் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. நீ எடு என்று சொல்ல, இவர் எடுத்தார். கிடார் வாசித்தால் மூணு நாலு கிடார் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், பேஸ் என்றால் ஒன்று போதும் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று! சோனி - ஷெர் ஜோடியின் 'தி பீட் கோஸ் ஆன்' (1967) பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பேஸ், பாட்டையே தூக்கி நிறுத்துவது, அந்த இடத்தில் உட்கார்ந்து தானே உண்டாக்கியது என்று கே சொல்கிறார். பாட்டு இயற்றியவர் என்று பதிவில் இருப்பது சோனி போனோ ஒருவர் பெயர். கேக்குக் கிடைத்தது செஷன் கூலி.

ப்ளேன் விஷயத்தில் அவ்வளவு வருத்தப்பட முடியவில்லை. ஒரு நாளைக்கு மூணு செஷன், சில நாள் நாலு, வாரத்துக்கு ஆறு நாள். ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினார், ஹாலிவுட்டில் மாளிகை, படகு கூட. இதில் ஒரு நாளும் சூட்கேஸ் தூக்கவில்லை. மேடைக் கலைஞனுக்குச் சாத்தியமே இல்லாத ஒன்று: ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்குவது. அதாவது மிச்சம் இருந்த ராத்திரியில்.

இப்போது மேடைக்கு வருவோம். ரெக்கார்டில் வாசிப்பது ஒரு கூட்டம், ஊர் ஊராகப் போய் அதே பாட்டை மேடையில் வாசிப்பது இன்னொரு கூட்டம் என்று தொழில் இரண்டாகப் பிளந்தது அப்போதுதான். ஹெர்ப் ஆல்பர்ட்டின் டிஜுவானா ப்ராஸ் ஆரம்பத்தில் வெறும் ஸ்டுடியோ ஆட்கள். ரெக்கார்டு பிய்த்துக்கொண்டு போனதும் 1965ல் மேடைக்கென்று தனியாக ஒரு குழு சேர்த்தார். பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்போரின் மேன்' (1965) வாத்திய இசையில் குழு ஆள் ரோஜர் மெக்குவின் ஒருவர்தான், மற்றதெல்லாம் ப்ளேன், நெக்டல் கூட்டம். அவர்கள் மூணு மணி நேரத்தில் இரண்டு பாட்டு முடித்தார்கள், பின்னால் நாங்களே வாசித்தபோது 'டர்ன் டர்ன் டர்ன்' ஒரு பாட்டுக்கே 77 டேக் ஆனது என்று மெக்குவின் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் ஏன் செஷன் ஆட்களைக் கூப்பிட்டார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

பீச் பாய்ஸ் கதை எல்லாருக்கும் தெரிந்தது. 1964 டிசம்பரில் விமானத்தில் போகும்போது பிரையன் வில்சன் மனம் உடைந்து போனார். இனி நான் டூர் வரமாட்டேன் என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். தம்பிகளும் மற்றவர்களும் 1966 ஜனவரியில் ஜப்பானில் மேடையேறிக்கொண்டிருக்க, இங்கே அவர் செஷன் ஆட்களை வைத்து 'பெட் சவுண்ட்ஸ்' பதிவு செய்தார். குழு திரும்பி வந்து குரல் கொடுத்தது. மேடையில் பிரையன் இடத்தை முதலில் நிரப்பியவர் யார்? இதே கூட்டத்து கிடார்காரர், க்ளென் கேம்ப்பெல். இன்றைக்கு அந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டில் யார் வாசித்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் நம்பி இருப்பது எதை தெரியுமா? யூனியனுக்கு அனுப்பிய சம்பளத் தாள்களை. பெயர், தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு தொகை. அட்டையில் பெயர் போடாத கம்பெனி, செக் போடுவதற்காக எழுதி வைத்த காகிதம் கடைசியில் வரலாறு ஆகிவிட்டது. தாள் இல்லாத இடங்களில் சண்டைதான். சில மோடவுன் பாட்டுகளின் பேஸ் கேயா, ஜேம்ஸ் ஜேமர்சனா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை.

டெடெஸ்கோ பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர். 1930ல் நயாகரா ஃபால்ஸில் பிறந்தவர். 'பொனான்ஸா', 'பேட்மேன்', 'மாஷ்' தொடர்களின் முகப்பு இசையில் அவர் கிடார் இருக்கிறது. 'தி காட்ஃபாதர்', 'ஜாஸ்' படங்களிலும் வாசித்திருக்கிறார். 'கிடார் ப்ளேயர்' பத்திரிகையில் 'ஸ்டுடியோ லாக்' என்று ஒரு பத்தி எழுதினார். என்ன படம், என்ன வாத்தியம், எந்த இடம் கஷ்டமாக இருந்தது, எப்படிச் சமாளித்தேன் என்று எழுதிவிட்டு, எவ்வளவு சம்பளம் வந்தது என்பதையும் போட்டுவிடுவார். எந்தக் கலைஞன் இப்படிச் செய்வான்? மாண்டலின், பாஞ்சோ, கிரேக்க வாத்தியம் புஸூக்கி எது கேட்டாலும் கொண்டு வருவார். ரகசியம் என்னவென்றால் எல்லாவற்றையும் கிடார் மாதிரியே சுருதி கூட்டி வைத்திருப்பார். பார்ப்பவர்களுக்குப் பத்து வாத்தியம், அவருக்கு ஒன்றுதான். மேலே சொன்னேனே, இரண்டாவது வாத்தியத்துக்குக் கூடுதல் தொகை என்று. இப்போது புரிகிறதா :-)

ஒரு வேலையை ஒத்துக்கொள்ள அவர் நாலு காரணம் வைத்திருந்தார்: பணம், தொடர்பு, அனுபவம், அல்லது சும்மா ஜாலிக்கு. நாலில் ஒன்றுமே இல்லை என்றால் போகமாட்டார். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் நம் ஆட்கள் இதை எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

1960களின் முடிவில் காற்று திசை மாறியது. மங்கீஸ் குழு தாங்களே வாசிக்கவில்லை என்பது 1967ல் பெரிய அவமானச் செய்தி ஆனது. ரசிகர்களுக்கு இப்போது மேடையில் நிற்பவனே ரெக்கார்டிலும் வாசிக்க வேண்டும். அப்புறம் 1980களில் ட்ரம் மெஷின். சிலர் வெளியே போனார்கள். க்ளென் கேம்ப்பெல் பாடகராக நட்சத்திரம் ஆனார். லியோன் ரஸ்ஸல் 1970ல் ஜோ காக்கரின் பெரிய டூருக்கு இசைத் தலைவர். நெக்டல் 1971ல் பிரெட் குழுவில் சேர்ந்து ஊர் சுற்றினார், 2006ல் கூட டிக்ஸி சிக்ஸ் டூரில் வாசித்துக்கொண்டிருந்தார். டெடெஸ்கோவும் பாமரும் சினிமா, டிவி பக்கம் ஒதுங்கினார்கள். நொட்டேஷன் சோறு போட்டது.

சினிமா பக்கம் ஒதுங்கியது வெறும் தினக்கூலிக் கணக்கிலும் சரியான முடிவு. ரெக்கார்டுகளுக்கு 1964 முதல் ஒரு சிறப்பு நிதி உண்டு, விற்பனையிலிருந்து வருவது. ஆனால் அது பிரிக்கப்படும் விதம் வேடிக்கை. நீ வாசித்த பாட்டு எவ்வளவு விற்றது என்று பார்க்கமாட்டார்கள். நீ எவ்வளவு செஷன் சம்பளம் வாங்கினாய் என்று பார்த்து, அந்த விகிதத்தில் சில வருஷம் வரை கொடுப்பார்கள். ஹிட்டுக்கும் ஃப்ளாப்புக்கும் ஒரே பங்கு. வேலை நின்றால் சில வருஷத்தில் அதுவும் நின்றுவிடும். சினிமாவுக்கு 1972ல் வந்த நிதி வேறு மாதிரி. படம் டிவிக்கு, பிற்பாடு கேசட்டுக்கு, டிவிடிக்கு என்று போகப் போக, அந்தப் படத்தில் வாசித்தவருக்கே பங்கு வரும். 1956ல் ரீட் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

ரேடியோ இன்னும் மோசம். அமெரிக்க எஃப்எம் நிலையங்கள் பாட்டு இயற்றியவருக்குப் பணம் கொடுக்கும், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சல்லிக்காசு கிடையாது. இணைய ரேடியோ மாதிரி டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மட்டும் 1995 சட்டத்துக்குப் பிறகு உண்டு. அதில் 50 சதவீதம் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு, 45 முக்கியக் கலைஞருக்கு, மீதி 5ல் பாதி பின்பாட்டுக்காரர்களுக்கு, பாதி வாத்தியக்காரர்களுக்கு. அதாவது 'பி மை பேபி'யை வாசித்த அறை முழுக்க ஆட்களுக்கும் சேர்த்து நூற்றுக்கு இரண்டரை.

ப்ளேனின் மாளிகை விவாகரத்தில் போனது. ஒரு கட்டத்தில் அரிசோனாவில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். 2000ல் அவரையும் பாமரையும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், பக்கவாத்தியக்காரர்கள் என்று புதிதாக ஒரு பிரிவு திறந்து. பாமர் 2008ல் இறந்தார், ப்ளேன் 2019ல். பாமர் செய்த ஒன்று எனக்குப் பிடிக்கும். 1982ல் லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் கிளைக்குத் தேர்தலில் நின்று பொருளாளர் ஆனார். வருகிற செக்கை எண்ணிக்கொண்டிருந்தவர் கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

டெடெஸ்கோவுக்கு 1992ல் பக்கவாதம், அப்புறம் புற்றுநோய். மகன் டென்னி 1996ல் அப்பாவையும் அவர் நண்பர்களையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். 'தி ரெக்கிங் க்ரூ' ஆவணப்படம் 2008ல் திரைப்பட விழாக்களில் ஓடியது, பாராட்டு குவிந்தது. தியேட்டருக்கு வந்தது 2015ல்! ஏழு வருஷம் எங்கே போனது? படத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்டு கம்பெனிக்கும் பாட்டு உரிமையாளருக்கும் பணம் கட்ட வேண்டும். தன் அப்பா வாசித்த கிடாரைத் தன் படத்தில் போட மகன் உரிமம் வாங்க வேண்டும். கடைசியில் 2013ல் பொதுமக்களிடம் இணையத்தில் கையேந்தி 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித்தான் கணக்கு தீர்ந்தது. யூனியன் மூலமாக வாசித்தவர்களுக்கும் ஒரு தொகை போனது. அந்தப் பழைய சம்பளத் தாள்கள் இங்கேயும் வேலை செய்தன.

2025ல் கரோல் கேயை ஹால் ஆஃப் ஃபேம் தேர்ந்தெடுத்தது. அவருக்கு 90 வயது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 'ரெக்கிங் க்ரூ' என்ற பெயர் அவருக்கு அவமரியாதை. எங்கள் வேலை ஒரு ஆளை மேடையில் ஏற்றிக் கை தட்டும் வேலை இல்லை, ஒரு அறையில் பலபேர் சேர்ந்து செய்த வேலை, இந்த விழா அதைக் காட்டுவதாக இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். விழா நவம்பரில் அவர் இல்லாமலே நடந்தது.